ஒன்றரை மீட்டர் தூரம்

ஒரு மனிதரைப் படம் எடுக்க அவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

கேமரா கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால், கடைக்காரர் பாதிப் பதில்தான் சொல்ல முடியும் என்று தெரியும். மீதிப் பாதிக்கு லென்ஸ் பத்தாது. மனசும் வேண்டும்.

நண்பர் ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார். லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதுவும் ஃபிலிம் கேமரா. 'ரேஞ்ச் ஃபைண்டர்' என்கிற பழைய ரகம். கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுக்குப் போய் நாலு நாள் தங்கி, அங்கே இருக்கும் வயசானவர்களின் முகங்களை எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கையில் இருப்பது 35 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான். முகம் எடுக்க அது தோதுப்படாது.

"கொஞ்சம் நீளமா ஒரு லென்ஸ் வேணும் சார். 75, 85, 90 அந்த ரேஞ்சுல. ரொம்பக் காசு போட முடியாது. பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். என்ன வாங்கலாம்?"

நான் பி.காம். படித்தவன். எதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் விலையைப் பார்ப்பேன். ஆனால் இந்த விஷயத்தில் விலைப் பட்டியலே என்னை வேறு எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டது.

ரேஞ்ச் ஃபைண்டர் கேமராவைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கல்யாண போட்டோகிராஃபர்கள் கழுத்தில் தொங்கிய எஸ்.எல்.ஆர். கேமராவில், லென்ஸ் பார்ப்பதையே நம் கண்ணும் பார்க்கும். உள்ளே ஒரு கண்ணாடி இருந்து காட்சியை மேலே திருப்பிவிடும். ரேஞ்ச் ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி கிடையாது. லென்ஸ் ஒரு பக்கம், நாம் பார்க்கிற ஜன்னல் இன்னொரு பக்கம். ஜன்னலின் நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்துவிட்டால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். எந்த லென்ஸுக்கு எவ்வளவு படத்தில் விழும் என்பதை ஜன்னலுக்குள் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டும். 1954-ல் வந்த லைக்கா எம்3 கேமராவில் 50, 90, 135 என்று மூன்று லென்ஸுக்கும் இப்படிக் கோட்டுச் சட்டம் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் மூன்று விசேஷங்கள் உண்டு.

ஒன்று, சட்டத்துக்கு வெளியே இருப்பதும் நமக்குத் தெரியும். பாட்டியின் முகத்தை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் நின்று வேண்டாம் என்று கையசைக்கிற பேத்தியும் கண்ணில் படுவாள்.

இரண்டு, எஸ்.எல்.ஆரில் பொத்தானை அமுக்கும் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பும். கண்ணுக்கு எதிரே ஒரு நொடிப் பொழுது இருட்டாகிவிடும். எந்தக் கணத்தைப் படமாக எடுக்கிறோமோ அந்தக் கணத்தை மட்டும் நாம் பார்ப்பதில்லை. ரேஞ்ச் ஃபைண்டரில் இருட்டு கிடையாது. அந்தக் கணத்தில் எதிரே இருப்பவர் சிரித்தாரா, சுளித்தாரா என்பது தெரிந்துவிடும். தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மூன்று, இந்தக் கேமராவுக்கு ரொம்ப தூரம் எட்டிப் பார்க்கத் தெரியாது. 135 மி.மீ. லென்ஸோடு அதன் சாமர்த்தியம் ஏறக்குறைய தீர்ந்துபோகும். அதற்கு மேல் வேண்டும் என்றால் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியை வாங்கி நடுவில் மாட்ட வேண்டும். ஒளிந்திருந்து பார்க்கிறவர்களுக்கு ஏற்ற கேமரா இல்லை இது.

சரி, விலைப் பட்டியலுக்கு வருவோம்.

உச்சியில் இருப்பது லைக்காவின் 90 மி.மீ. எஃப் 2 லென்ஸ். புதிதாக வாங்கினால் சில லட்சம் ஆகும். வங்கி வேலைக்காரருக்கு அந்த வங்கியே கடன் கொடுக்க யோசிக்கும்.

அடுத்தது, சோவியத் நாட்டுத் தயாரிப்பான ஜூபிடர்-9. 85 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியின் ஜைஸ் கம்பெனி கண்டுபிடித்த சோனார் என்ற அமைப்பை வைத்துச் செய்தது. விலை சகாயம். ஆனால் ரஷ்ய அளவுக்கும் லைக்கா அளவுக்கும் ஒரு நூல் வித்தியாசம் உண்டு. ரஷ்ய கேமராவில் சரியாக இருப்பது லைக்கா வகைக் கேமராவில் மாட்டினால், கிட்டத்து முகத்தில் குறி தப்பும். கண்ணைக் குறி வைத்தால் காது தெளிவாக விழும். ஒன்று போல இன்னொன்று இருக்காது என்பது வேறு. அதிர்ஷ்டம் இருந்தால் நல்லது மாட்டும்.

மூன்றாவது, ஜப்பானின் கோஸினா கம்பெனி ஃபோக்ட்லெண்டர் என்ற பழைய ஜெர்மன் பெயரில் 2000-ஐ ஒட்டிக் கொண்டுவந்த சின்ன லென்ஸ்கள். 75 மி.மீ. எஃப் 2.5, 90 மி.மீ. எஃப் 3.5. கைக்கு அடக்கம், தரமும் நன்று. பழையதாகக் கிடைத்தால் வாங்கலாம்.

நான்காவது, லைக்காவின் பழைய எல்மார் 90 மி.மீ. எஃப் 4. 1930-களில் ஆரம்பித்து 1960-கள் வரை தயாரானது. ஒல்லியாக, பென்சில் டப்பா மாதிரி இருக்கும். இன்றைக்கு ஒரு நடுத்தர விலை செல்போன் விலைக்குக் கிடைத்துவிடும். வாங்கும்போது ஒரு டார்ச் லைட்டை லென்ஸுக்குப் பின்னால் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே மூட்டம் போட்டிருந்தாலோ, நம் ஊர் ஈரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தாலோ கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பழைய திருகு மாதிரியாக இருந்தால் ஒரு வளையம் போட்டுப் பின்னால் வந்த கேமராக்களிலும் மாட்டிக்கொள்ளலாம்.

விலை குறைந்தால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1950-ல் 'லைஃப்' பத்திரிகையின் போட்டோகிராஃபர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். அப்போது யுத்தத்தில் தோற்று எழுந்துகொண்டிருந்த ஜப்பானின் பொருள் என்றாலே உலகத்துக்கு இளக்காரம். ஜுன் மிகி என்ற ஜப்பானியப் போட்டோகிராஃபர் டங்கனை ஒரு படம் எடுத்துக் காட்டினார். எடுத்த லென்ஸ் 85 மி.மீ. எஃப் 2 நிக்கார். படத்தின் தெளிவைப் பார்த்த டங்கன் அந்தத் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்தார். அந்த வருஷம் கொரியப் போரை எடுக்கப் போனபோது அவர் கேமராவில் இருந்தவை நிக்கார் லென்ஸ்கள். நிக்கான் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய வந்ததில், முகம் எடுப்பதற்கென்று இருந்த அந்தச் சின்ன லென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, நாலு லென்ஸ்கள். பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். எஃப் 2 என்றால் விலை மேலே அல்லது ரிஸ்க் மேலே. எஃப் 4 என்றால் விலையும் கம்மி, தலைவலியும் கம்மி. இந்த எண் குறையக் குறைய, உள்ளே வெளிச்சம் புகும் துவாரம் பெரிதாகும். எஃப் 4-ஐ விட எஃப் 2-ல் நாலு மடங்கு வெளிச்சம் நுழையும். நாம் காசு கொடுப்பது இந்த நாலு மடங்குக்குத்தான்.

இந்த நாலு மடங்கு எதற்கு வேண்டும் என்று யோசித்தேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மலையில் ஒரு ஓட்டு வீடு. உள்ளே மங்கிய வெளிச்சத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். உங்களிடம் எஃப் 2 இருந்தால் வாசலில் நின்றபடியே, அவரை நகரச் சொல்லாமல், சமயத்தில் அவருக்குத் தெரியாமலே படத்தை எடுத்துவிடலாம். எஃப் 4 இருந்தால் முடியாது. கை ஆடும், படம் கலங்கும். அப்போது ஒரே வழிதான் இருக்கிறது. வாயைத் திறந்து கேட்க வேண்டும். "ஆயா, கொஞ்சம் வாசலுக்கு வந்து உக்கார முடியுங்களா? ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

பாருங்கள், விலை உயர்ந்த லென்ஸ் நமக்கு வாங்கிக் கொடுப்பது வெளிச்சம் மட்டும் இல்லை. கேட்காமல் இருக்கும் சௌகரியத்தையும் சேர்த்துத்தான் வாங்கிக் கொடுக்கிறது. மலிவான லென்ஸ் நம்மைக் கேட்க வைக்கிறது. கேட்க வைப்பது குறைபாடா, குணமா?

தூரத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒருவரின் தலையும் தோளும் சட்டத்தை நிறைக்க வேண்டும் என்றால், 35 மி.மீ. லென்ஸுக்கு அரை மீட்டரை விடக் கொஞ்சம் அதிகமான தூரத்துக்குப் போக வேண்டும். நம் மூச்சு அவர் மேல் படும். லைக்கா வகை லென்ஸ்கள் பலவற்றில் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸே ஆகாது. 300 மி.மீ. லென்ஸ் என்றால் ஐந்து மீட்டர். 600 என்றால் ஒன்பது, பத்து மீட்டர். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மரத்துக்குப் பின்னால் நின்றே காரியத்தை முடித்துவிடலாம்.

90 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்.

ஒன்றரை மீட்டர் என்பது என்ன தூரம்? திண்ணையில் உட்கார்ந்திருப்பவரோடு வாசலில் நிற்கிறவர் பேசுகிற தூரம். டீக்கடை பெஞ்சில் எதிரெதிரே உட்காருகிற தூரம். குரலை உயர்த்தவும் வேண்டாம், கிசுகிசுக்கவும் வேண்டாம். நாம் அவரைப் பார்க்கிற அளவுக்கு அவரும் நம்மைப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். 'போப்பா' என்று சொல்லலாம்; நமக்குக் கேட்கும்.

இன்னொன்று. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தீர்மானிப்பது தூரம்தான். அரை மீட்டரில் இருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். ரொம்ப தூரத்தில் இருந்து எடுத்தால் முகம் தட்டையாகும். எதிரே உட்கார்ந்து பேசும்போது ஒருவர் முகம் நமக்கு எப்படித் தெரிகிறதோ, அப்படியே விழுவது இந்த ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில்தான். மரியாதையான தூரம் எதுவோ அதுவே லட்சணமான தூரமாகவும் இருக்கிறது!

கொல்லிமலைக்கு இந்தத் தூரக் கணக்கு புதிதில்லை. கொல்லிப்பாவையின் அழகைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அவள் சிரித்து மயக்கியே ஆளைக் கொல்லும் பாவை என்று பின்னால் வந்த கதைகள் சொல்கின்றன. அழகு இருக்கிறது என்பதற்காகக் கிட்டே போய்விடாதே என்பது அந்தக் கதையின் எச்சரிக்கை. அதே மலையை ஆண்ட வல்வில் ஓரி, தூரத்தில் நின்று ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்தவன் என்று புகழப்பட்டவன். ஆனால் வருஷா வருஷம் ஆடியில் அந்த மலையில் அவனுக்கு விழா எடுப்பது குறி பார்த்து அடித்ததற்காக மட்டும் இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்பதற்காகவும்தான். தூரத்தில் இருந்து அடிப்பவன் வீரனாகலாம், கொடுத்தால்தான் வள்ளல்.

இன்னொரு அழகான விஷயம் அந்த ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால், ஊராட்சிகளின் பெயரெல்லாம் 'நாடு' என்று முடியும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு... மொத்தம் பதினான்கு. ஆலத்தூர் நாடு அதில் ஒன்று. நாம் சுற்றுலா என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அவர்கள் நாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டாமா?

அனுமதி கேட்காமல் நுழைந்த கேமராக்களின் சரித்திரம் நீளமானது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய மக்களின் தலையை, மூக்கை அளவு கருவியால் அளந்து, படம் எடுத்து, 1909-ல் ஏழு தொகுதிகளாகப் புத்தகம் போட்டார். கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்களும் அதில் வருகிறார்கள். மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை. மலையை ஆளுகிறவர், மலைவாசி என்ற பொருளில் வழங்கும் பெயர். அந்தத் தொகுதிகளில் இருக்கும் படங்களைப் பாருங்கள். கீழே இன்ன சாதி, இன்ன பழங்குடி என்று இருக்கும். அந்த மனிதரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. நேராக நிறுத்தி, கிட்டத்தில் வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். ஒளிந்து எடுத்ததில்லை. ஆனாலும் அங்கே நின்றது ஒரு ஆள் இல்லை, ஒரு மாதிரி.

ஆகவே, தூரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இதற்கு இன்னும் பெரிய உதாரணமும் உண்டு. நீங்கள் எல்லோரும் பார்த்த படம்தான்.

1984-ல் பெஷாவருக்குப் பக்கத்தில் ஒரு அகதி முகாம். அமெரிக்கப் போட்டோகிராஃபர் ஸ்டீவ் மெக்கரி பச்சைக் கண்கள் கொண்ட ஒரு ஆப்கானியச் சிறுமியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியோகிராஃபிக்' அட்டையில் அது வந்தது. உலகத்தில் அதிகம் பேரால் அடையாளம் காணப்பட்ட முகங்களில் ஒன்றாக ஆனது. எடுத்த லென்ஸ் 105 மி.மீ. நிக்கார். நம் நண்பர் தேடுகிற அதே குடும்பம். சொல்லப்போனால், அந்த லென்ஸின் மூதாதை 1950-களில் நிக்கானின் ரேஞ்ச் ஃபைண்டர் கேமராவுக்காகச் செய்யப்பட்டதுதான். அதே பேசுகிற தூரம்.

ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் உலகத்துக்குத் தெரிய 17 வருஷம் ஆனது. 2002-ல் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் அவர் பெயர் ஷர்பத் குலா என்று தெரிந்தது. அதுவரை அந்தப் படத்தை அவரே பார்த்ததில்லை. அவர் முகம் உலகமெல்லாம் சுவரில் தொங்கியபோது அவருக்கு அது தெரியாது. 2016-ல் போலி அடையாள அட்டை வைத்திருந்தார் என்று பாகிஸ்தானில் கைதாகி ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். 2021-ல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. உலகமே அறிந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஒரு அடையாள அட்டைக்காகக் கைதானார் என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள்.

படம் அபாரம். அதில் சந்தேகமே இல்லை. அந்தப் படம் அகதிகளின் துயரத்தை உலகத்தின் கண் முன்னால் நிறுத்தியது என்பதும் நிஜம். ஆனால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

எங்கே என்று பி.காம். முதல் வருஷப் பாடமே சொல்லிவிடும். தனிநபர் கணக்குக்கு ஒரே விதிதான். பெறுபவர் கணக்கில் பற்று எழுது. கொடுப்பவர் கணக்கில் வரவு எழுது. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஐந்தொகை சமமாகாது.

போட்டோவில் கொடுப்பவர் யார்? முகத்தைக் கொடுத்தவர். பெறுபவர் யார்? கேமராவை வைத்திருந்தவர். ஆனால் நாம் எப்படி எழுதுகிறோம்? படத்துக்குக் கீழே எடுத்தவரின் பெயரைப் போடுகிறோம். வரவு முழுக்க அவர் கணக்கில். முகம் கொடுத்தவர் பெயர் பல நேரம் 'ஒரு மூதாட்டி', 'மலைவாழ் பெண்'. பற்று, வரவு தலைகீழாக இருக்கிறது.

நம் மொழியிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. படம் 'எடுக்கிறோம்' என்கிறோம். படம் 'பிடிக்கிறோம்' என்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் 'சுடுகிறோம்' என்றே சொல்கிறார்கள். எடுப்பது, பிடிப்பது, சுடுவது. கொடுப்பது என்ற வினையே இல்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க் கேள்வி வரும். "கேட்டுட்டு எடுத்தா நிஜம் போயிடும் சார். உடனே சட்டை பட்டனைப் போட்டு, தலையை வாரி, விறைப்பா நின்னுடுவாங்க. இயல்பே இருக்காது." இந்தக் கட்சிக்குப் பெரிய வக்கீல் இருக்கிறார். ஹென்றி கார்ட்டியே-பிரெஸோன். லைக்கா ரேஞ்ச் ஃபைண்டரை உலகப் புகழ் பெற வைத்தவர். பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ். தான் இருப்பதே தெரியாமல் கணத்தைப் பிடிப்பதுதான் அவர் வித்தை. நம் தமிழ்நாட்டுக்கும் வந்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்திருக்கிறார்.

அவர் கட்சியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. தெருவில் நடக்கும் வாழ்க்கையை, ஊர்வலத்தை, கலவரத்தை, அநியாயத்தை எல்லாம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால் பத்திரிகையை மூட வேண்டியதுதான். லத்தியைத் தூக்கிய போலீஸ்காரரிடம் 'எடுத்துக்கட்டுமா' என்று எந்தப் போட்டோகிராஃபரும் கேட்கத் தேவையில்லை. அதிகாரத்தைப் படம் எடுக்க எவ்வளவு நீளமான லென்ஸும் தகும். எளிய மனிதரின் முகத்துக்கு அந்த விதி பொருந்துமா என்பதுதான் என் கேள்வி.

அப்புறம், அந்த விறைப்பு. பட்டன் போட்டு, தலை வாரி, கையை ஒட்டவைத்து நிற்கும் அந்தத் தோரணை ஏன் பொய்யாக வேண்டும்? 'நான் இப்படித் தெரியவே விரும்புகிறேன்' என்று அவர் சொல்கிறார். நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் தாத்தா அப்படித்தான் நிற்கிறார். அதைப் பொய் என்று யாராவது சொல்கிறோமா? நமக்கு மட்டும் தோரணை, அவர்களுக்கு மட்டும் இயல்பு என்பது என்ன நியாயம்? தவிர, விறைப்பு நிரந்தரம் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மிளகு விலை, காபி விலை, பேரன் படிப்பு என்று பேசிக்கொண்டிருந்தால் தானாகவே தளர்ந்துவிடும். அதற்கு வேண்டியது விலை உயர்ந்த லென்ஸ் இல்லை. நேரம்.

நிலைமையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆலத்தூர் நாட்டில் இருந்து ஒருவர் பெரிய டெலி லென்ஸோடு உங்கள் தெருவுக்கு வருகிறார். மொட்டை மாடியில் நைட்டியோடு உங்கள் அம்மா வடகம் காயப்போடுகிறார். எதிர் மாடியில் நின்று அவர் படபடவென்று எடுக்கிறார். கேட்டால், "நகரத்து மக்களோட இயல்பான வாழ்க்கை சார், ரொம்ப அழகா இருக்கு" என்கிறார். நாம் என்ன செய்வோம்? அழகை ரசிப்போமா, போலீஸைக் கூப்பிடுவோமா?

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். எஃப் 4 வகையறாவில் பூஞ்சை இல்லாத 90 ஒன்றை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஃபோக்ட்லெண்டர் 75. எஃப் 2-க்கு ஆசைப்பட வேண்டாம். கேட்டு எடுக்க வேண்டும் என்பது மட்டும் காரணம் இல்லை. தொழில் காரணமும் உண்டு. 90 மி.மீ. லென்ஸை எஃப் 2-ல் வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் மூக்கு நுனி கலங்கிவிடும். எஃப் 4-ல் ஒன்றரை மீட்டரில் ஆறேழு சென்டிமீட்டர் கிடைக்கும். பழைய கேமராவின் சின்னப் பிசகைக்கூட அது தாங்கும். மிச்சமாகும் பணத்தில் படங்களைப் பிரிண்ட் போடுங்கள். மறுபடி ஒரு தடவை பஸ் ஏறுங்கள். 70 வளைவும் ஏறிப் போய், அவரவர் கையில் அவரவர் முகத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னவரின் வீட்டிலும் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

லென்ஸுக்கு ஒதுக்கிய பட்ஜெட்டில் பாதி திரும்பிப் போகும் செலவு. இதை நான் தர்மம் என்று சொல்லவில்லை. ஐந்தொகையைச் சமன் செய்வது என்று சொல்கிறேன்.

இதெல்லாம் ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் நாலு பேருக்கான உபதேசம், நமக்கு என்ன என்று நினைக்கிறீர்களா? உங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். விலை கூடிய செல்போன்கள் பலவற்றில் '3 எக்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ரேஞ்ச் ஃபைண்டர் கணக்கில் அது கிட்டத்தட்ட 75 மி.மீ. லென்ஸ். நண்பர் மாதக் கணக்கில் யோசித்து, விலை விசாரித்து, டார்ச் அடித்துப் பார்த்து வாங்க நினைத்ததை நீங்கள் யோசிக்காமலே வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் 5 எக்ஸ், 10 எக்ஸ் என்று தூரமாகப் போகும் வழிகளும் இருக்கின்றன. யோசித்து வாங்கியவர் தூரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். நாம் இரண்டு விரலால் இழுத்துவிட்டு, தேர்ந்தெடுத்தோம் என்பதே தெரியாமல் நடந்துவிடுகிறோம். படம் அடுத்த நிமிஷமே நூறு பேருக்குப் போய்விடுகிறது.

அடுத்த தடவை சோளக்காடு சந்தையில் அன்னாசிப் பழத்தை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். வெயில் சாய்ந்து முகத்தில் விழும். உங்கள் கை தானாகப் பைக்குப் போகும். போகட்டும். அதற்கு முன்னால் நாலு எட்டு எடுத்து வையுங்கள். அவர் உங்களைப் பார்க்கிற தூரத்துக்கு வாருங்கள்.

அங்கே நின்று, முதலில் பழம் என்ன விலை என்று கேளுங்கள்.